மலையிலேயே தங்கிவிடும் பழுது

தர்மபுரியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்திலிருந்து 3,000 அடிக்கு மேல் இருக்கிறது வத்தல்மலை. 20-க்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டித்தான் அங்கே விளையும் காப்பியும் மிளகும் பலாவும் சந்தைக்கு இறங்க வேண்டும். இத்தகைய பாதையில் ஓடும் பழைய டீசல் பிக்கப்புக்கு வரும் தொல்லைகளில் மிகவும் அலைக்கழிப்பது, எப்போதாவது மட்டும் ஸ்டார்ட் ஆகாமல் போவது. அறவே ஓடாத வண்டியின் குறையைக் கண்டுபிடித்துவிடலாம். பத்து முறைக்கு ஒரு முறை மக்கர் செய்யும் வண்டி, மெக்கானிக் முன்னால் நிற்கும்போது ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிவிடும். இதற்கு மலைப்பாதை ஓட்டுநர்களிடம் பழகிப்போன தீர்வு ஒன்று உண்டு. சரிவில் வண்டியை உருட்டி, இரண்டாம் கியரில் கிளட்சை விட்டு ஸ்டார்ட் செய்து, கீழே பட்டறைக்குக் கொண்டுபோய், முதலில் பேட்டரியையும் அது உதவாவிட்டால் செல்ஃப் மோட்டாரையும் மாற்றிப் பார்ப்பது.

இந்தப் பழக்கத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. பழைய டீசல் இன்ஜினில் பம்பு இயந்திர விசையால் இயங்குவது. எரிபொருளைத் திறந்துவிடும் சிறு சொலினாய்டு தவிர, எரிவதற்கு மின்சாரம் ஏறக்குறைய தேவையில்லை. சக்கரம் சுழன்றால் இன்ஜினும் சுழலும், இன்ஜின் சுழன்றால் தீ பிடிக்கும். நோயாளியையோ சரக்கையோ ஏற்றிக்கொண்டு மலையில் நிற்பவருக்கு இந்தத் திறமை பெரிய துணை. மாற்றிப் பார்ப்பதிலும் தர்க்கம் இருக்கிறது. மீட்டர் எல்லாம் சரி என்று காட்டும்போது, நல்லதென்று தெரிந்த ஒரு பாகத்தைப் போட்டுப் பார்ப்பது முறையான சோதனைதான், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்.

ஆனால் விட்டுவிட்டு வரும் பழுதில் இந்தச் சோதனையின் முடிவை நம்ப முடிவதில்லை. பத்துக்கு ஒரு முறை நிற்கும் வண்டியில் எதையுமே தொடாமல் விட்டாலும், அடுத்த பத்து முறையும் சரியாக ஸ்டார்ட் ஆவதற்கு மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. குணமாகிவிட்டது என்று ஓரளவு உறுதியாகச் சொல்லவே முப்பது முறையாவது தொடர்ந்து பிசகாமல் ஸ்டார்ட் ஆக வேண்டும். இதைவிடப் பெரிய சிக்கல், பேட்டரியை மாற்றும்போது மாறுவது பேட்டரி மட்டுமல்ல என்பது. டெர்மினலைக் கழற்றுகிறோம், வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்த உப்பைச் சுரண்டுகிறோம், நட்டை இறுக்குகிறோம். செல்ஃப் மோட்டாரை மாற்றினால் அதன் தடித்த கேபிள் முனையும் புதிதாக இறுகுகிறது. வண்டி தேறிவிட்டால் பாராட்டு புதுப் பாகத்துக்குப் போகிறது; வேலையைச் செய்ததோ சுரண்டிய உப்புக் காகிதமாக இருக்கலாம். டீசல் வண்டியின் செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியர் இழுக்கும்போது, டெர்மினலிலோ எர்த் வயரிலோ வெறும் 0.01 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் வழியிலேயே போய்விடும். அதே இடத்தின் வழியாக 5 ஆம்பியர் மட்டும் எடுக்கும் ஹெட்லைட் ஒரு குறையும் இல்லாமல் எரியும். ‘லைட் நன்றாக எரிகிறது, ஆகவே இணைப்பெல்லாம் சரி’ என்ற முடிவு இங்கேதான் சறுக்குகிறது. சில மாதங்களில் உப்பு மீண்டும் பூக்கும், வண்டி மீண்டும் நிற்கும். அதற்குள் பல ஆயிரம் ரூபாய் பேட்டரிக்குப் போயிருக்கும்.

மலை இன்னொரு சிக்கலையும் சேர்க்கிறது. உருட்டி ஸ்டார்ட் செய்த வண்டி தர்மபுரி போய்ச் சேர்வதற்குள் டைனமோ பேட்டரியை ஓரளவு ஏற்றிவிடும். குலுங்கலில் தளர்ந்த இணைப்பு தற்காலிகமாக ஒட்டிக்கொள்ளும். விடியற்காலைக் குளிர் விலகியிருக்கும். காய்ச்சல் இறங்கிய பிறகு மருத்துவரிடம் போவதைப் போன்றது இது. நேர்மாறாக, சுமையோடு மலையேறிய வண்டி ஐந்து நிமிடம் அணைத்தபின் ஸ்டார்ட் ஆகாமல், அரை மணி கழித்து ஆனால், சந்தேகம் வெப்பத்தின் மேல் போக வேண்டும். செம்புக் கம்பியின் வெப்பநிலை 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு ஏறினால் அதன் மின்தடை ஏறத்தாழ 30 சதவீதம் கூடுகிறது. தடை கூடினால் மின்னோட்டமும் இழுவையும் குறையும்; செல்ஃப் மோட்டாரின் தேய்ந்த சொலினாய்டு செயலிழக்க அந்தக் குறைவே போதும். ஆறிய பிறகு பட்டறையில் சோதித்தால் அது நல்ல பாகம்தான். ஆறியதும் நல்லதாகத் தெரியும் பாகம் என்ற இந்த வலை பெரிய நிறுவனங்களுக்கும் உண்டு. அமெரிக்காவில் ஃபோர்டு வண்டிகளின் இக்னிஷன் மாட்யூல் சூட்டில் செயலிழந்து ஆறியதும் வேலை செய்தது பற்றிய வழக்கில், கலிபோர்னியா நீதிபதி ஒருவர் 2000-இல் அந்த வண்டிகளைத் திரும்பப் பெற உத்தரவிட்டார். அடுத்த ஆண்டு வழக்கு சமரசத்தில் முடிந்தது.

ஆகவே பழுதைத் தேட வேண்டிய இடம், வண்டி நின்ற இடம். தேட வேண்டிய ஆள், அங்கே இருக்கும் ஓட்டுநர். அவருக்கு மின்சாரம் தெரியுமா, கையில் கருவி இருக்கிறதா என்று கேட்கலாம். ஹெட்லைட்டே கருவி. விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருகட்டும். விளக்கு மங்கிச் செத்து, ‘டக டக’ என்று அடித்தால் பேட்டரி அல்லது அதன் டெர்மினல். விளக்கு குறையாமல் ஒரே ஒரு ‘டக்’ கேட்டால் சொலினாய்டின் உள்முனை, கார்பன் பிரஷ், அல்லது இன்ஜினுக்குப் போகும் எர்த் பட்டை. விளக்கு அப்படியே இருந்து சத்தமே இல்லையென்றால் சாவி சுவிட்ச், ரிலே, சிறு வயர். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் தீ பிடிக்கவில்லையென்றால் மின் இணைப்புகளை விட்டுவிட்டு டீசல் வழியில் காற்று புகுந்ததா, ஹீட்டர் பிளக் வேலை செய்கிறதா என்று பார்க்கலாம். சரக்கு அழுகும் அவசரத்தில் இதற்கு நேரமில்லை என்பார்கள். இதற்கு ஒரு நிமிடம் போதும், பிறகு தாராளமாக உருட்டிக்கொள்ளலாம். பழைய வண்டியில் எல்லாமே தேய்ந்திருக்கும், எப்படியும் மாற்றத்தானே வேண்டும் என்பது வலுவான மறுப்பு. ஆனால் எல்லாவற்றையும் மாற்றும் பணம் இருப்பவர் பழைய வண்டி வைத்திருக்க மாட்டார். எதை முதலில் மாற்றுவது என்ற கேள்விக்கு விடை, நின்ற நேரத்தின் சாட்சியில்தான் இருக்கிறது.

உருட்டுவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இன்ஜின் ஓடாதபோது பிரேக்குக்குத் துணை செய்யும் வாக்குவம் ஒன்றிரண்டு மிதிகளோடு தீர்ந்துவிடும். அதன்பின் முழு எடையையும் காலே தாங்க வேண்டும். சமதளத்தில் இது சிறு அசௌகரியம். கொண்டை ஊசி வளைவுக்கு மேல், சுமையோடு, இது உயிர் ஆபத்து. அவசரத்துக்கு ஒரு முறை செய்வது வேறு, சரிவு பார்த்தே தினமும் வண்டியை நிறுத்துவது வேறு. இரண்டாவது நிலைக்கு வந்த வண்டியைப் பட்டறைக்கு அனுப்பாமல் சுமை ஏற்றக் கூடாது.

ஓட்டுநர்களே, டேஷ்போர்டில் ஒரு சிறு நோட்டு வையுங்கள். வண்டி நின்ற ஒவ்வொரு முறையும் இன்ஜின் சூடா குளிரா, என்ன சத்தம், விளக்கு மங்கியதா என்று எழுதுங்கள். மெக்கானிக்குகளே, ஸ்பேனரை எடுக்கும் முன் அந்த நோட்டைக் கேளுங்கள். பேட்டரியை மாற்றும் முன் பழைய பேட்டரியின் டெர்மினலைச் சுத்தம் செய்து இறுக்கி, ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.