வட்டடுக்கின் வனப்பு

வணிக நிறுவனம் ஒன்றின் சர்வரில் எந்தத் தகவல் எந்த வட்டில் இருக்க வேண்டும், ஒரு வட்டு பழுதானால் அதன் பொறுப்பை எது ஏற்க வேண்டும் என்று வகுக்கும் வேலை, கொள்முதல் பட்டியலோடு முடிந்துவிடுவதாகப் பலராலும் கருதப்பட்டாலும், தேர்ந்தவர் கையில் அது கணிதச் சிக்கனமும் முன்யோசனையும் ஒருங்கே விளங்கும் கலையாகிறது.

1988-இல் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் அக்கலை தெளிவான இலக்கணம் பெற்றது. விலையுயர்ந்த ஒரு பெரிய வட்டுக்குப் பதிலாக மலிவான சிறு வட்டுகள் பலவற்றைச் சேர்த்தால் வேகம் கூடும் என்றாலும், எண்ணிக்கை பெருகப் பெருக அவற்றுள் ஏதேனும் ஒன்று பழுதாகும் வாய்ப்பும் பெருகுவதால், உபரித் தகவலையும் உடன் எழுதிவைக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அதற்கு அவர்கள் இட்ட ரெய்டு என்னும் பெயரே இன்றும் வழங்குகிறது.

அவர்கள் வகுத்த ஐந்து நிலைகளுள் கடைசியானதே ரசிகரை நெடுநேரம் நிறுத்திவைப்பது. எல்லா வட்டுகளிலும் ஒரே இடத்திலுள்ள பிட்டுகளை எண்ணி, 1-களின் எண்ணிக்கை ஒற்றைப்படையானால் 1 என்றும், இரட்டைப்படையானால் 0 என்றும் எழுதிவைக்கும் குறியே பாரிட்டி. ஒரு வட்டு செயலிழந்தால், எஞ்சியவற்றோடு அக்குறியையும் சேர்த்து எண்ணியவுடன் இழந்த பிட் இன்னதென்று தெரிந்துவிடும். நான்காம் நிலையில் பாரிட்டி முழுவதும் ஒரே வட்டில் கிடந்ததால் ஒவ்வொரு எழுத்துப் பணியும் அதன் வாசலில் காத்து நிற்க நேர்ந்தது. ஐந்தாம் நிலை அதை எல்லா வட்டுகளுக்கும் முறைவைத்துப் பகிர்ந்தளித்தது. இவ்வளவு சிறிய இடமாற்றத்தால் இவ்வளவு பெரிய நெருக்கடி தீர்வது கணினியியலில் அரிது.

ஆயினும் அந்த அழகுக்கு ஒரு விலை உண்டு. ஒரு சிறு பதிவை மாற்ற, பழைய தகவலையும் பழைய பாரிட்டியையும் படித்து, புதியவை இரண்டையும் எழுத வேண்டியிருப்பதால், ஒரு வேலை நான்காகிறது. பழுதான வட்டை மீட்க மற்ற எல்லா வட்டுகளையும் முழுமையாகப் படித்தாக வேண்டும். 12 டெராபைட் வட்டுகள் எட்டு கொண்ட அடுக்கில் அது 84 டெராபைட் வாசிப்பாகும். அந்நேரத்தில் இன்னொரு வட்டும் விழுந்தால் அடுக்கு முழுவதும் போய்விடும். ஒரே ஆலையில் ஒரே நாளில் உருவாகி ஒரே சுமையைத் தாங்கிய வட்டுகளுக்கு அது நடக்கக்கூடியதே. இரண்டு வட்டுகளின் இழப்பைத் தாங்கும் ரெய்டு 6 இவ்வச்சத்தைத் தணிக்கிறது. எழுதும் சுமையையோ இன்னும் கூட்டுகிறது.

ஆகவே இடைவிடாமல் சிறு பதிவுகள் விழும் விற்பனைக் கணக்குத் தரவுத்தளத்துக்கு, ஒவ்வொரு வட்டுக்கும் அப்படியே ஒரு பிரதியை வைத்து, அவ்விணைகளின் மீது தகவலைப் பரப்பும் ரெய்டு 10 பொருந்துகிறது. பாதி இடம் உபரிக்கே போய்விடும். ஆனால் மீட்பின்போது படிக்க வேண்டியது இணைவட்டு ஒன்றை மட்டுமே. பாரிட்டியின் கணித நயம் இதில் இல்லை எனினும், நள்ளிரவில் பழுது பார்ப்பவருக்கு இதன் எளிமையே பெரும் நயம்.

வகுப்பவரின் கைவண்ணம் உண்மையில் வெளிப்படுவது, ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகக் குறித்துச் செல்லும் பரிவர்த்தனைப் பதிவேட்டை அவர் எங்கே வைக்கிறார் என்பதில்தான். சுழலும் வட்டில் அதற்குத் தனி இணை ஒதுக்கினால், எழுதுமுனை அங்குமிங்கும் அலையாமல் தொடர்ந்து எழுதும் என்பது பலரும் சொல்லும் காரணம். அதனினும் ஆழ்ந்த காரணம் வேறு: தரவு வட்டுகள் அனைத்தும் அழிந்தாலும், முந்தைய இரவின் காப்புப்பிரதியும் தனித்துப் பிழைத்த பதிவேடும் இருந்தால், தொடர்ச்சி அறாதவரை, கடைசியாக முடிந்த பரிவர்த்தனை வரை மீட்டுவிடலாம். வேகம் மிக்க எஸ்எஸ்டி வட்டுகள் வந்தபின் முதற்காரணம் மெலிந்துவிட்டது. இரண்டாவது சிறிதும் மெலியவில்லை.

தவறுதலாக அழிக்கப்பட்ட கோப்பு இணைவட்டிலும் அதே கணத்தில் அழிந்துவிடும் என்பதால், எவ்வகை ரெய்டும் வேறிடத்தில் வைக்கும் காப்புப்பிரதிக்கு ஈடாகாது. அப்பிரதியும் வைத்தபின், சர்வரைப் பணிக்கு விடுமுன், சோதனைத் தகவலை நிரப்பி, பொறுப்பாளர் தம் கையாலேயே ஒரு வட்டை உருவி, மீட்பு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அளந்து குறித்துவைப்பாராக.