சமூகத் திறனும் பணிவும்: அறிவுசார் இயலாமையுடைய இளைஞரின் தொழில் குறித்து

அறிவுசார் இயலாமையுடைய இளைஞர் ஒரு தொழிலிற் சேர்வதற்கும் அதில் நிலைப்பதற்கும் கைத்திறனைவிடச் சமூகத் திறனே முக்கியமானது என்னும் கருத்து இன்று வலுப்பெற்றுள்ளது. அதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. வேலையிலிருந்து நீக்கப்பட்ட இத்தகையோரை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர் கிரீன்ஸ்பானும் ஷோல்ட்ஸும், அவர்களுள் ஏறத்தாழ அரைவாசிப் பேர் வேலை தெரியாமையாலன்றிப் பிறரோடு பழகுவதில் எழுந்த இடர்ப்பாட்டினாலேயே வேலையிழந்தனர் என 1981இல் எழுதினர். இம்முடிவை நாம் மறுக்கவில்லை. ஆயின், சமூகத் திறன் இதுவென வரையறுப்பவர் யார் என்ற வினாவை எழுப்பாமல் இதனை ஏற்றல் இயலாது.

பழகுதல் இருவருக்கிடையே நிகழ்வது. அது முறியும்போது மட்டும் ஒருவரது குறையாகக் கொள்ளப்படுகிறது. வெள்ளவத்தையிலே ஒரு புடைவைக் கடையையோ, கொட்டாஞ்சேனையிலே ஒரு பலசரக்குக் கடையையோ எடுத்துக்கொள்வோம். அங்கு பணிபுரியும் இளைஞன் முதலாளியின் கட்டளையைத் தமிழில் விளங்கிக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளருக்குச் சிங்களத்திலும் மறுமொழி கூற வேண்டும். கேலி எது, கட்டளை எது எனவும் பிரித்தறிய வேண்டும். அவனுக்கு வேலையை ஒவ்வொன்றாகச் சொல்லாத, செய்து காட்டாத கடையின் குறை எவ்வேட்டிலும் பதியப்படுவதில்லை.

இக்கருத்துநிலையை நமது திரைப்படங்களிலும் காணலாம். 'தெய்வத்திருமகள்' (2011) படத்தின் கிருஷ்ணா சொக்கலேற் தொழிற்சாலையில் வேலை செய்பவன். படமோ அவனைத் தந்தையாகவே நோக்குகிறது. அவனது உழைப்பு பின்னணியாக நின்றுவிடுகிறது. மகளை விட்டுக்கொடுக்கும் தியாகத்திற்காகக் கண்ணீர் சிந்தும் பார்வையாளர் அவனது ஊதியத்தைப் பற்றி வினவுவதில்லை. பாரதிராஜாவின் '16 வயதினிலே' (1977) இவ்வகையில் ஓரளவு முன்சென்றது எனலாம். கால் ஊனமுற்றவனும், வெகுளியென ஊரார் எள்ளுபவனுமாகிய சப்பாணி எல்லோருக்கும் எடுபிடி. அவனுக்குக் கோபாலகிருஷ்ணன் என்றொரு பெயர் உண்டு. சப்பாணி என்று அழைப்போரை அறையுமாறு மயில் அவனுக்குக் கற்பிக்கிறாள். அறைதல் தீர்வன்று. எனினும், தன்னை இழிவாக நடத்துவதை மறுத்தலும் ஒரு சமூகத் திறனே என்பதை அப்படம் உணர்ந்திருந்தது. வணக்கம் கூறுதலையும் நேரந்தவறாமையையும் மாத்திரம் கற்பிக்கும் பயிற்சியில் இவ்வுணர்வு இல்லை. அது பணிவை உருவாக்கும், தொழிலாளியை உருவாக்காது.

இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் ஆட்சேர்ப்பில் இயலாமையுடையோருக்குப் பாரபட்சம் காட்டுவதைத் தடைசெய்கிறது. இலங்கை 2016இல் ஏற்புறுதி செய்த ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 27ஆம் உறுப்புரை அதற்கப்பாலும் சென்று, சம வேலைக்குச் சம ஊதியத்தையும் தொழிற்சங்க உரிமையையும் வலியுறுத்துகிறது. ஆகவே, விளங்காதவிடத்து மீண்டும் கேட்டல், சம்பளத்தை எண்ணிப் பெறுதல், ஊழியர் சேமலாப நிதி கட்டப்படுகிறதா என வினவுதல், துன்புறுத்தலை முறையிடுதல் என்பனவும் சமூகத் திறன்களாகக் கற்பிக்கப்படல் வேண்டும். அருகில் நின்று வேலை செய்பவருக்கும், வேலை வாங்குபவருக்கும் அப்பயிற்சியிற் பங்குண்டு. இவ்விளைஞரையும் யுவதிகளையும் அனுதாபத்துக்குரியோராகவன்றிச் சகதொழிலாளராக ஏற்று உறுப்பினராக்குவது தொழிற்சங்கங்கள் முன்னுள்ள பணியாகும்.