பழைய ஓட்டில் புதிய சுமை

பழவேற்காட்டுக் கரையில் கவிழ்த்துப் போட்டிருக்கும் பைபர் படகின் வயதை அதன் வண்ணத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. பளிச்சென்ற நீலத்துக்கு அடியில் நான்கைந்து முறை ஒட்டுப்போட்ட ஓடு இருக்கலாம். நடுக்குப்பம், கோட்டைக்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம் என ஏரியையும் கடலையும் நம்பி வாழும் ஊர்களில், பழசாகிவிட்டது என்பதற்காகவே ஒரு படகை யாரும் ஒதுக்குவதில்லை. விரிசலைத் தேய்த்து, கண்ணாடி இழை மேட் வைத்து, ரெசின் பூசித் திரும்பத் தண்ணீரில் இறக்குகிறார்கள். கையோடு கையாகப் பக்கத்தை அரை அடி உயர்த்துவதும், பின்பலகையைக் கனமாக்கிப் பெரிய இன்ஜின் மாட்டுவதும் நடக்கின்றன. ஒரே ஆள், ஒரே வாரம், ஒரே செலவு என்பதால் எல்லாம் ஒரே வேலையாகத் தோன்றுகிறது. அந்தத் தோற்றம்தான் ஆபத்து என்பது என் வாதம். பழுதுபார்ப்பது படகுக்கு இருந்த பலத்தை மீட்டுக்கொடுப்பது. மாற்றியமைப்பது அதன்மேல் புதிய வேலையை ஏற்றுவது. முன்னதற்குக் கரையில் இருக்கும் கைத்திறன் போதும். பின்னதற்குக் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கு பெரும்பாலும் போடப்படுவதில்லை.

முதலில் இந்த வழக்கத்தின் பெருமையைச் சொல்லிவிட வேண்டும். சோழமண்டலக் கரையில் பழுதுபார்ப்பது படகுக்கு வயதான பிறகு தொடங்கும் வேலையாக என்றும் இருந்ததில்லை. கட்டுமரம் கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக வெயிலில் காயவைத்தார்கள். எந்த மரம் நீர் குடித்திருக்கிறது, எது உளுத்திருக்கிறது என்று தினமும் கைக்குத் தெரிந்தது. கெட்ட மரத்தை மட்டும் மாற்றி மறுபடி கட்டினார்கள். அந்த அறிவின் வாரிசுதான் இன்று கிரைண்டரும் பிரஷும் பிடித்திருக்கும் கை. பைபர் படகுக்கு இந்தக் கை இரட்டிப்பாகத் தேவைப்படுகிறது. ஏனென்றால் அதைத் தூக்கி எறிய இடமில்லை. கண்ணாடி இழையும் பாலியெஸ்டர் ரெசினும் சேர்ந்து ஒருமுறை இறுகிவிட்டால் மறுபடி உருகாது. காயலான் கடையிலும் அதற்கு விலை இல்லை. ஜப்பான் 2005லும் பிரான்ஸ் 2019லும் பழைய பைபர் படகுகளைத் திரும்பப் பெறுவதற்கென்றே தனி ஏற்பாடுகளைத் தொடங்க வேண்டியிருந்தது. அப்படி எதுவும் இல்லாத ஒரு காயலின் கரையில், பழைய படகை இன்னும் பத்தாண்டு ஓடவைப்பவர் அந்தப் பத்தாண்டும் ஏரிக்கரையைக் குப்பையிலிருந்து காக்கிறார்.

பழசு வேண்டாம், புதுசுதான் பாதுகாப்பு என்பது அரசுத் திட்டங்களின் சாய்வு. 2020ல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், பாரம்பரிய மீனவருக்கான மாற்றுப் படகுக்கும் வலைக்கும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் அலகுச் செலவாக வைத்தார்கள். பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடும், பட்டியலினத்தவர், பழங்குடியினர், பெண்களுக்கு 60 விழுக்காடும் மானியம். நல்ல உதவிதான். ஆனால் மீதிப் பணத்தைக் கையிலிருந்து போட முடிந்தவருக்கே அது எட்டும். முடியாதவருக்குப் பழைய ஓடும் ரெசின் டப்பாவும்தான் கதி. புதுப் படகு என்றாலே நல்ல படகு என்றும் சொல்ல முடியாது. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை முழுவதும் பைபர் படகுகளை அள்ளிக் கொடுத்தார்கள். அவசரத்தில் முளைத்த பட்டறைகளில் வார்த்த படகுகளின் தரம் பற்றி அப்போதே கவலை எழுந்தது. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் சென்னையிலிருந்து இயங்கும் வங்காள விரிகுடாத் திட்டமும் சிறுபடகுக் கட்டுமானத்துக்கும் பாதுகாப்புக்கும் கையேடுகள் எழுதிப் பயிற்சி கொடுத்ததற்கு அந்தக் கவலை ஒரு காரணம். மெல்லிய ஓட்டோடு பிறந்த ஒரு படகு, கெட்டிக்காரர் ஒருவரின் கையில் பழுதுபார்க்கப்பட்டு, பிறந்தபோது இருந்ததைவிட நன்றாக ஆவது நடக்கக்கூடியதே.

குறை எங்கே தொடங்குகிறது என்றால், கட்டுமரம் தன் நோயைக் காட்டியது, பைபர் மறைக்கிறது என்ற இடத்தில். இறுகிப்போன பழைய ரெசினோடு புது ரெசின் வேதியியலாகக் கலப்பதில்லை; சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. ஆகவே ஒட்டின் ஆயுள் முழுவதும் தேய்ப்பில் இருக்கிறது. விரிசலின் விளிம்பை ஓட்டுக் கனத்தைப்போலப் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும் என்பது படகுக்கட்டுமானத்தில் பரவலாகச் சொல்லப்படும் அளவு. 6 மில்லிமீட்டர் ஓடு என்றால் விரிசலின் ஒவ்வொரு புறமும் ஏழு சென்டிமீட்டருக்கு மேல். நேரம் இல்லாதபோது விரிசலின்மேல் நேராக மேட் ஒட்டப்படுகிறது. உப்பும் ஈரமும் ஓட்டுக்குள் இருக்கும்போதே ரெசின் பூசப்படுகிறது. மே மாத வெயிலில் ரெசினை இறுகவைக்கும் ஹார்ட்னரின் அளவு கூடிப்போனால், இழையில் ஊறும் முன்பே ரெசின் கெட்டியாகிவிடும். மேலே வண்ணம் அடித்துவிட்டால் நல்ல ஒட்டும் கெட்ட ஒட்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பின்பலகை இன்னும் மோசமான ஒளிவிடம். உள்ளே இருப்பது மரமோ பிளைவுட்டோ. இன்ஜின் போல்ட் துளை வழியாகத் தண்ணீர் இறங்கி அது மட்கிக்கொண்டிருக்க, வெளியே பைபர் பளபளக்கும். தேய்ப்பவரின் நுரையீரலுக்குப் போகும் கண்ணாடித் தூளையும் இந்தக் கணக்கில் சேர்த்தாக வேண்டும். முகத்தில் கட்டிய துண்டு அதைத் தடுக்காது.

ஆனாலும் இவையெல்லாம் கைவேலையின் குறைகள், கைவேலையால் தீரக்கூடியவை. மாற்றியமைப்பின் குறை வேறு வகை. ஒட்டுமேல் ஒட்டுப் போட்டால் படகு கனத்துத் தாழ்ந்துவிடும் என்று பொதுவாக அஞ்சுகிறார்கள். கணக்குப் போட்டால் அந்த அச்சம் பெரிதாக நிற்பதில்லை. சதுர மீட்டருக்கு 450 கிராம் மேட், ஊறும் ரெசினோடு சுமார் ஒன்றரைக் கிலோ ஆகிறது. 25 சதுர மீட்டர் ஓடு முழுவதும் இரண்டு அடுக்கு ஏற்றினாலும் 75 கிலோதான். நீர்மட்டத்தில் ஒன்பது சதுர மீட்டர் பரப்புள்ள படகை அது ஒரு சென்டிமீட்டர்கூட அமிழ்த்தாது. உண்மையான விளைவு படகில் தண்ணீர் நிறைந்தபிறகு தெரியும். 500 கிலோ பைபர் ஓடு நீருக்குள் முழுகினால் ஏறக்குறைய 180 கிலோ பாரமாக இழுக்கும். அதோடு ஒரு சிறிய இன்ஜின், தொற்றிக்கொண்டிருக்கும் நான்கு பேர். இவ்வளவையும் மிதக்கவைக்க, ஒரு 200 லிட்டர் பீப்பாய் கொள்ளளவைவிட அதிகமான நுரைப்பொருள் காற்றுப்பெட்டிகளில் இருந்தாக வேண்டும். ஓட்டில் 75 கிலோ கூட்டினால் நுரையில் இன்னும் சுமார் முப்பது லிட்டர் கூட்ட வேண்டும். நடப்பது நேர்மாறு. பழைய நுரை காலப்போக்கில் நீர் குடித்துக் கனக்கிறது. பெட்டியைத் திறந்து தெர்மாகோல் அடைத்தால், மேலே பூசும் ரெசினிலுள்ள ஸ்டைரீன் அதையே கரைத்துவிடும். பிளாஸ்டிக் தாளில் சுற்றாமல் வைத்த தெர்மாகோல் வெறும் பள்ளமாகிப்போகும். பெட்டி மூடியிருப்பதால் கடலில் படகு நிறையும்வரை இது தெரியாது.

இன்ஜின் விஷயத்திலும் இதே கதை. நீர்மட்டத்தில் 25 அடி நீளமுள்ள படகு, வலையும் மீனும் ஏறி அமிழ்ந்து ஓடும்போது, மணிக்கு ஆறரை, ஏழு கடல்மைலைத் தாண்டத் திணறும். தானே எழுப்பிய அலையின்மேல் ஏறத்தான் அதற்குமேல் கூட்டும் குதிரைத்திறன் செலவாகிறது. எண்ணெய்ச் செலவு ஏறுகிறது, வேகம் அதற்கேற்ப ஏறுவதில்லை. வெறும் படகாகத் திரும்பும்போது பெரிய இன்ஜின் பறக்கும் என்பது உண்மை. அந்தப் பாய்ச்சலின் உதைப்பு விழுவது மட்கத் தொடங்கிய பின்பலகையில். பக்கத்தை உயர்த்துவதும் பாதி நன்மைதான். மணல் மேடிட்டு அலை உடையும் முகத்துவாரத்தில், உயர்ந்த பக்கம் தண்ணீரை வெளியே நிறுத்துகிறது. ஆனால் கனம் மேலே ஏறுகிறது, காற்று பிடிக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, இன்னும் நான்கு கூடை ஏற்றலாம் என்ற தைரியத்தைக் கொடுக்கிறது.

அனுபவம் போதாதா, தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குப் போகிறவருக்குப் படகின் தாங்குதிறன் தெரியாதா என்று கேட்கலாம். தெரியும், தான் ஓட்டிப் பழகிய படகின் தாங்குதிறன் தெரியும். மாற்றியமைத்த படகு அவருக்கே புதுப் படகு. பழவேற்காட்டு ஏரி இதில் ஒரு நுட்பமான பாடத்தை வைத்திருக்கிறது. இங்கே சுத்துவலைக்காரர்களிடையே நெடுங்காலமாக இருக்கும் பாடு முறையில், எந்த இடத்தில் யார் எப்போது வலை கட்டுவது என்பது முறைவைத்துச் சுழல்கிறது. முறை தலைக்கட்டுக்கு உரியது. படகின் நீளத்துக்கோ இன்ஜினுக்கோ அதில் பங்கு இல்லை. பெரிதாக்கினால் கூடுதலாக எதுவும் கிடைக்காத இடத்தில் படகைப் பெரிதாக்கும் ஆசையும் அடங்கியிருந்தது. அந்த முறையின் சாதிச் சுவர்களை நான் மறைக்கவில்லை. அதற்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் கேள்வி நியாயமானது. ஆனால் முகத்துவாரம் தாண்டிக் கடலில் பாடு இல்லை. அங்கே முதலில் போய்ச் சேர்பவருக்கே மீன் என்பதால், மாற்றியமைக்கும் அழுத்தம் முழுவதும் அங்கிருந்து வருகிறது.

ஒரு பலகைகூட மாற்றாமல் படகை மாற்றியமைக்கவும் முடியும். 2011 டிசம்பர் 25 அன்று, சுற்றிப் பார்க்க வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு பழவேற்காட்டில் கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். வலையும் மீனும் படகின் அடியில் கிடக்கும் சுமை. பயணிகள் உயரே உட்கார்ந்து, எழுந்து, ஒரே பக்கம் சாயும் சுமை. மீன்பிடிக்க வார்த்த படகை உல்லாசப் படகாக்குவதைவிடப் பெரிய மாற்றம் கிடையாது. அதன்பிறகு படகுச் சவாரிக்குத் தடை வந்தது. தடை ஓர் ஆபத்தை நிறுத்துகிறது. சுமை மாறினால் படகே மாறிவிடுகிறது என்ற உணர்வைப் பட்டறைக்குக் கொண்டுவரவில்லை.

பைபரே வேண்டாம், அலுமினியத்துக்குப் போகலாம் என்பவர்களும் உண்டு. வட அமெரிக்க ஏரிகளில் ரிவெட் அடித்த அலுமினிய மோட்டார் படகுகளை நாற்பது, ஐம்பது ஆண்டுக்குப் பின்னும் புதுப்பித்து ஓட்டுகிறார்கள். உருக்கி மறுபடி தகடாக்க, புதிதாகப் பிரித்தெடுக்க ஆகும் ஆற்றலில் இருபதில் ஒரு பங்கு போதும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், மரப் படகின் அடிக்கு அலுமினியக் கலவைத் தகடு போர்த்துவதை ஆராய்ந்ததும் உண்டு. வாதம் வலுவானது. ஆனால் அந்த ஏரிகள் நன்னீர் ஏரிகள். காயலின் உப்புநீரில் செம்பும் பித்தளையும் படும் இடத்தில் அலுமினியம் அரிக்கப்படும். அதைத் தாங்க மக்னீசியம் கலந்த உயர்வகைத் தகடு வேண்டும், வெல்டிங்குக்கு ஆர்கான் வாயுவும் தனிப் பயிற்சியும் வேண்டும். பைபரின் ஒரே பெரிய நற்குணம், குப்பத்து மணலிலேயே அதைச் சீராக்க முடிகிறது என்பது. பழுதை ஊருக்கு வெளியே கொண்டுபோகும் எந்தப் பொருளும் மீனவரைப் பட்டறைக்காரருக்குக் கடனாளியாக்கும்.

இன்னொரு மறுப்பு நியாயமாகவே வரும். இந்தக் கணக்குக்காகச் சோதனை, சான்றிதழ் என்று கேட்டால் அந்தச் செலவும் அலைச்சலும் ஏழையின் தலையில்தானே விழும்? சான்றிதழை நான் கேட்கவில்லை. பெரும்பாலான சோதனைகளுக்குக் காசே தேவையில்லை. ஒரு நாணயத்தால் ஓடு முழுவதும் தட்டிவந்தால், அடுக்கு பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். பின்பலகையில் உள்பக்கமாக ஒரு சிறு துளை போட்டால், வரும் மரத்தூள் ஈரமா காய்ந்ததா என்று விரல் சொல்லிவிடும். பிறகு துளையை ரெசினால் அடைக்கலாம். மிதப்புக்கு ஏரியே சோதனைக்கூடம். பல இடங்களில் இடுப்பளவுக்கு மேல் ஆழமில்லாத ஏரி இது. வண்ணம் அடிக்கும் முன், இன்ஜினுக்குப் பதில் அதே எடைக்குப் பின்பலகையில் மணல்மூட்டை கட்டி, விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, கடலுக்குப் போகும் அத்தனை பேரும் விளிம்பைப் பிடித்துத் தொங்கிப் பார்க்க வேண்டும். முன்பக்கமான அணியம் மேலே நின்று பின்பக்கம் தரைதட்டினால், பெரிய இன்ஜினுக்கு அந்தப் படகில் இடமில்லை. பின்பக்கக் காற்றுப்பெட்டிகளைத் திறந்து நுரையை மாற்றிய பிறகே வண்ண டப்பாவைத் தொட வேண்டும்.