சாத்துகவி மிகுந்தது, அரங்கேற்றம் எங்கே?

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் வீதியில், கடலுக்கும் வாவிக்கும் இடையே கிடக்கும் ஊர்களில் இப்போது நிறையப் பேர் கதை எழுதுகிறார்கள். எனக்குத் தெரிந்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். புத்தகம் போடக் காசில்லை; பத்திரிகைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கப் பொறுமையும் இல்லை. கைத்தொலைபேசியிலேயே தட்டி, பிரதிலிபி, வொட்பேட், முகநூல் என்று கிடைத்த இடத்தில் பாகம் பாகமாக வெளியிடுகிறார்கள். நான் செட்டிபாளையத்தில் தமிழ் படிப்பிக்கிறேன். என்னிடம் உயர்தரம் படித்துப் போன பிள்ளைகள், "டீச்சர், பதினாலாம் பாகம் போட்டிருக்கன், பாத்துச் சொல்லுங்க" என்று அனுப்புவார்கள். அவர்கள் வழியாக அவர்களுடைய சிநேகிதிகளின் கதைகளும் வந்து சேரும். இப்படி வாசித்த தொடர்களைப் பற்றியும், அதைவிட முக்கியமாக அவற்றுக்குச் சக எழுத்தாளர்கள் சொல்லும் கருத்துகளைப் பற்றியுமே இக்கட்டுரை. எழுதுகிறவர்கள் புனைபெயருக்குள் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆகையால் பெயர்களையும் தலைப்புகளையும் தவிர்க்கிறேன்.

தொடர்கதை என்றாலே மட்டம் என்று நம்மில் படித்தவர்கள் சிலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 'விவேக சிந்தாமணி'யில் தொடராக வந்ததுதான். நம்மவரான இளங்கீரனின் 'நீதியே நீ கேள்', க. கைலாசபதி ஆசிரியராக இருந்த 'தினகர'னில் தொடராக வந்தது. தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988இல் நூலாகுமுன் 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்தது.

தொடருக்கு ஒரு தனி வசதியும் உண்டு. முடிவதற்குள் திருத்தலாம். சார்ள்ஸ் டிக்கன்ஸ் 'டேவிட் கொப்பர்ஃபீல்ட்' நாவலை 1849-50இல் மாதப் பகுதிகளாக வெளியிட்டபோது, மிஸ் மௌச்சர் என்ற குள்ள உருவப் பாத்திரத்தில் தன்னை அடையாளம் கண்ட ஒரு பெண் மனம் நொந்து அவருக்குக் கடிதம் எழுதினாள். டிக்கன்ஸ் பின்னால் வந்த பகுதியில் அப்பாத்திரத்தை நல்லவளாக மாற்றினார். கல்கி 'பொன்னியின் செல்வ'னை முடித்த பிறகும் வாசகர் கேள்விகளுக்கு முடிவுரையில் பதில் சொல்லவேண்டி வந்தது. ஆக, வாசிப்பவரும் எழுதுபவரும் பாதி வழியில் சந்திப்பது தொடருக்குப் புதிதல்ல.

இன்று அந்தச் சந்திப்பில் என்ன நடக்கிறது? "சூப்பர் சிஸ்", "செம எபி", "அடுத்த யூடி எப்போ?" ஒவ்வொரு பாகத்தின் கீழும் இவைதான். ஐந்து நட்சத்திரம் இட்டவர் தன் கதைக்கும் ஐந்தை எதிர்பார்க்கிறார். கிடைக்காவிட்டால் மனத்தாங்கல். இது விமர்சனமல்ல, கொடுக்கல் வாங்கல்.

நமது மரபில் இரண்டும் இருந்தன. நூலுக்குச் சாத்துகவி பாடுவார்கள், அது புகழ்ச்சி. ஆனால் அந்த நூல் அறிந்தோர் சபையில் அரங்கேறவும் வேண்டும். அங்கே கேள்வி கேட்பார்கள். புலவர் எழுந்து நின்று பதில் சொல்லவேண்டும். சீறாப்புராணத்தைப் பற்றிப் பேசும்போது உமறுப் புலவரின் பாட்டோடு அரங்கேற்றத்தையும் சேர்த்துத்தான் பேசுகிறோம். இப்போதைய தொடர்களுக்குச் சாத்துகவி குவிகிறது. சபை மட்டும் இல்லை.

இதனால் என்ன குறைந்துபோயிற்று என்று கேட்கலாம். இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

நான் வாசித்த தொடர்களில் பல, கலியாணம் முடித்த பெண் மாமியார் வீட்டுக்குப் போய்ப் படும் பாட்டைச் சொல்பவை. மாமியார் சமையலறையில் குத்திக் காட்டுவாள், நாத்தனார் கோள் சொல்வாள். எழுதியவர்களோ நமது கரையைச் சேர்ந்தவர்கள். இங்கே தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். குடியும் தாய்வழியாகத்தான் வருகிறது. மகளுக்கு வீடு கட்டுவதற்காக வாப்பா மத்திய கிழக்குக்குப் போவதும், உம்மா போவதும், மூன்று மகள்மார் இருக்கிற வீட்டில் அந்தக் கவலை பிள்ளைகள் பிறந்த நாளிலேயே தொடங்குவதும் நாம் கண்ட உண்மை. எத்தனை நாவலுக்கு இடமிருக்கிறது! அதை விட்டுவிட்டுச் சின்னத்திரையின் மாமியாரை இரவல் வாங்குகிறோம். "உங்கட ஊரில இப்பிடியா நடக்குது?" என்று ஒரு சக எழுத்தாளராவது கேட்டதை நான் காணவில்லை.

வெளியூரைக் களமாக்குவது குற்றமல்ல. 1885இல் வந்த சித்திலெவ்வையின் 'அசன்பே சரித்திரம்' எகிப்தில்தான் நடக்கிறது. ஆனால் அவர் எகிப்து என்று சொல்லியே எகிப்தை எழுதினார். நமது பிள்ளைகள் காத்தான்குடி என்று சொல்லிவிட்டுக் கோயம்புத்தூரை எழுதுகிறார்கள்.

மற்றது மொழி. ஒரு தொடரில் தங்கை தமையனைக் "காக்கா" என்று கூப்பிடுகிறாள். கடல் கடந்த வாசகர் ஒருவர், "காகம் எங்கே வந்தது?" என்று சிரிப்புப் படம் போட்டுக் கேட்டார். அடுத்த பாகத்திலிருந்து காக்கா 'அண்ணா' ஆகிவிட்டார். அதற்கடுத்த பாகத்தில் 'மறுகா' போயிற்று, 'சுணங்கி' போயிற்று. விளங்கவில்லை என்று சொல்வது வாசகரின் உரிமை. ஆனால் அந்த இடத்தில் கூட எழுதுகிற ஒருவர், "மாத்தாதீங்க, ரெண்டு வரி போனா தானா விளங்கும்" என்று சொல்லியிருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

நான் சொல்லாமல் விட்டது அது மட்டுமல்ல. என்னிடம் படித்த தமிழ்ப் பிள்ளை ஒருத்தி, இந்த வீதியையே களமாக்கி ஒரு தொடர் எழுதினாள். 1990 ஜூலையில் இவ்வழியால் காத்தான்குடிக்கு வந்துகொண்டிருந்த முஸ்லிம்கள் குருக்கள்மடத்தில் மறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டது நமக்கெல்லாம் தெரியும். குருக்கள்மடம் செட்டிபாளையத்துக்கு அடுத்த ஊர். அவள் அதற்குப் பிறகு பிறந்தவள். தன் ஊரார் வாய்திறந்து பேசாத ஒன்றை எழுதவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே பெரிய விசயம். ஆனால் கதையில் கொல்லப்பட்டவரின் உடலை வீட்டில் இரண்டு நாள் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். மனைவி அழுதுகொண்டே மையவாடி வரை போகிறாள். வாசித்தவுடன் பிழை எனக்குத் தெரிந்தது. ஆனாலும், "அருமை, தொடருங்கள்" என்று எழுதிவிட்டேன். இந்த ஊரில் படிப்பிக்கிற முஸ்லிம் டீச்சர் இந்த விசயத்தில் பிழை பிடித்தால் வேறு மாதிரி எடுப்பார்களோ என்ற பயம். அது மரியாதை என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

நமது கரையில் புனைபெயரில் எழுதும் ஒரு முஸ்லிம் பெண் அவளுக்குத் தனியாக எழுதினார். அந்தப் பிள்ளை எனக்குக் காட்டினாள். "தங்கச்சி, கோவிக்காதீங்க. எங்கட ஆக்கள் ஜனாஸாவ அப்பிடி வெச்சிக்கிட்டு இருக்கிறல்ல. பொம்பிளயள் மையவாடிக்குப் போறதும் இல்ல, வீட்டுக்குள்ளயே பாத்து அனுப்புறதுதான்" என்று தொடங்கி எல்லாவற்றையும் விளக்கியிருந்தார். அதோடு நின்றிருந்தால் அது திருத்தம் மட்டும்தான். கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தார். "அந்த ஆக்கள்ர ஜனாஸா வீட்டுக்கு வரவே இல்லியே. அந்த உம்மா எந்த நாள்ல இருந்து இத்தா இருந்திருப்பா?"

பிள்ளை அந்தப் பாகத்தைத் திரும்ப எழுதினாள். இப்போது அதில் அடக்கம் இல்லை. நாலு மாதமும் பத்து நாளும் எங்கே தொடங்குவது என்று தெரியாத ஒரு பெண் இருக்கிறாள். இத்தா தொடங்கினால் புருசன் மௌத்தானதை ஒப்புக்கொண்டதாகிவிடும். தொடங்காவிட்டால் ஊர் கேட்கும். முன்னைய பாகத்தில் அழுகை இருந்தது; இதில் துயரம் இருக்கிறது. ஒரு மார்க்கச் சட்டத்தின் நுணுக்கத்தை அறிந்தவர் கேட்ட ஒரே கேள்வி, அதை அறியாதவரின் கதையை உயர்த்திவிட்டது. அந்தப் பாகத்துக்கு வந்த கருத்துகள் முந்தியவற்றைவிடக் குறைவு. "சோகம் வேணாம் சிஸ், ஹீரோ எப்ப வருவார்?" என்றும் ஒருவர் கேட்டிருந்தார். அதனால் அது தாழ்ந்துவிடவில்லை.

இதை வைத்து, பிழை கண்ட இடமெல்லாம் அடியுங்கள் என்று நான் சொல்லவில்லை. "முதல்ல தமிழைப் படிச்சிட்டு வாங்க" என்று எல்லோர் முன்னிலையிலும் ஒருவர் எழுதியதோடு ஒன்பதாம் பாகத்தில் எழுத்தையே நிறுத்திய ஒரு பிள்ளையையும் எனக்குத் தெரியும். வீட்டாருக்குத் தெரியாமல், பிள்ளைகளை உறங்க வைத்துவிட்டு எழுதுகிற பெண்ணுக்கு அந்த ஒரு வரி போதும். மேலே சொன்ன பெண்மணி செய்ததைக் கவனியுங்கள். குறையைத் தனியாகச் சொன்னார். தங்கச்சி என்று அழைத்துச் சொன்னார். தனக்குத் தெரிந்ததைக் கொடுத்தார். தீர்ப்புச் சொல்லாமல் கேள்வி கேட்டார்.

ஹதீஸ் கலையில் ஒரு செய்தி யார் வழியாக வந்தது, அவர் நம்பத்தக்கவரா என்று துருவித் துருவிப் பார்த்த சமுதாயம் நாம். நம்முடைய வாழ்க்கையைச் சொல்லும் கதைகளில், "இது இப்படித்தானா?" என்று கேட்க ஏன் கூசவேண்டும்? வாசகர் "அடுத்து என்ன?" என்று கேட்கட்டும், அது அவருடைய வேலை. கூட எழுதுகிறவரின் வேலை "இது உண்மையா?" என்று கேட்பது. ஒவ்வொரு தொடருக்கும் அப்படிக் கேட்கிற இரண்டு பேர் கிடைத்தால் போதும், அதுவே சபை.

அந்தப் பிள்ளையிடம் நான் எழுதிய "அருமை" பொய் என்று பிறகு சொல்லிவிட்டேன். அவள் சிரித்துக்கொண்டு, "தெரியும் டீச்சர். அடுத்த பாகத்துக்கு உண்மையச் சொல்லுங்க" என்றாள்.