மறைந்தோரும் மறைக்கப்பட்டோரும்: 'ஜர்னல் 64' குறித்து ஒரு நோக்கு

துப்பறியும் நாவலைப் பொழுதுபோக்கு எழுத்தென ஒதுக்கிவிடும் வழக்கம் நம் விமர்சகரிடையே வலுவாக உண்டு. சுவீடனைச் சேர்ந்த மார்க்சியச் சார்புடைய இணை எழுத்தாளர்களான மாய் ஷோவால், பேர் வாலோ ஆகிய இருவரும் 1965 முதல் 1975 வரை வெளியிட்ட பத்து நாவல்கள் அதற்குத் தக்க மறுப்பாகும். நலன்புரி அரசின் மெருகிட்ட முகப்புக்குப் பின்னால் இயங்கும் முரண்பாடுகளை வெளிக்கொணர, பொலிஸ் விசாரணை என்னும் வடிவத்தையே அவர்கள் கருவியாகக் கொண்டனர். டேனிஷ் எழுத்தாளர் யுஸ்ஸி அட்லர்-ஓல்சனின் 'ஜர்னல் 64' (2010) அம்மரபின் பிற்காலக் கிளைகளுள் ஒன்று.

பழைய வழக்குகளை ஆராயும் 'கியூ பிரிவு' கொப்பன்ஹேகன் பொலிஸ் தலைமையகத்தின் நிலவறையில் இயங்குகிறது. 1987 இல் விபசார விடுதி நடத்திய பெண்ணொருத்தி காணாமற்போனமை பற்றிய கோவை கார்ல் மோர்க்கின் மேசைக்கு வருகிறது. அதே வேளையில் வேறு சிலரும் மறைந்துள்ளமை தெரியவருகிறது. தடங்கள் யாவும் நேட்டே என்னும் பெண்ணிடமும், அவள் இளமையில் அடைக்கப்பட்டிருந்த ஸ்ப்ரோகோ தீவிடமும் சென்று சேர்கின்றன.

அத்தீவு கற்பனையன்று. 1923 தொடக்கம் 1961 வரை, 'ஒழுக்கக் குறைபாடுடையோர்' என முத்திரை குத்தப்பட்ட பெண்கள் அங்கே தடுத்துவைக்கப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் வறிய குடும்பத்துப் பெண்கள். நீதிமன்றத் தீர்ப்போ, தண்டனைக் கால வரையறையோ அவர்களுக்கு இருக்கவில்லை. கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு 'இணங்குவதே' பலருக்கு விடுதலையின் விலையாயிற்று. 1929 இற்கும் 1967 இற்கும் இடையில் டென்மார்க்கில் ஏறத்தாழ 11,000 பேர் இவ்வாறு மலடாக்கப்பட்டனர். இன்று சீலாந்தையும் ஃபூனையும் இணைக்கும் பெரும்பாலம் அத்தீவின் மீதே செல்கின்றது.

நாவலின் உண்மையான வலிமை அதன் அமைப்பிலேயே பொதிந்துள்ளது. பொலிசார் தேடுவது யாரை? நேட்டேயின் வாழ்வைச் சிதைத்தவர்களை. அவர்கள் மறைந்தபோது கோவை திறக்கப்பட்டது. இருபதாண்டுகளுக்கு மேலாகியும் அது மூடப்படவில்லை. தீவுக்கு அனுப்பப்பட்ட பெண்களோ ஒருபோதும் 'காணாமற்போனோர்' பட்டியலில் இடம்பெறவில்லை. அவர்கள் எங்கிருந்தார்கள் என்பது அரசுக்கு நன்கு தெரியும். அவர்களை மறைத்ததே அரசுதான். இம்முரணை ஆசிரியர் எங்கும் விளக்கியுரைக்கவில்லை. 1950 களையும் 1987 ஐயும் நிகழ்காலத்தையும் மாறிமாறி அடுக்குவதன் மூலமே உணர்த்துகிறார். உளமருத்துவரின் மகனாக, மனநோய் மருத்துவமனை வளாகங்களில் வளர்ந்தவர் அவர். தீவு பற்றிய அத்தியாயங்களில் காணும் நிதானம் அவ்வனுபவத்தின் பயனாகலாம். பொலிசாரின் பகிடிகளுக்கு ஒதுக்கப்பட்ட பக்கங்கள் குறைந்திருந்தால் அந்நிதானம் மேலும் துலங்கியிருக்கும்.

எனினும் ஒரு பெரும் மறுப்பு உண்டு. துப்பறியும் வடிவம் குற்றவாளி ஒருவனை வேண்டி நிற்கிறது. ஆசிரியரும் கூர்ட் வாட் என்னும் வைத்தியனைப் படைத்து, இனத்தூய்மை பேசும் தீவிர வலதுசாரிக் கட்சியொன்றின் தலைமையை அவனிடம் ஒப்படைக்கிறார். கொடுமை முழுவதும் அவன்மீது திரள்கிறது. வரலாறோ வேறு. 1929 ஆம் ஆண்டின் கருத்தடைச் சட்டம் சமூக ஜனநாயகக் கட்சியினரான சமூக அமைச்சர் கே. கே. ஸ்டைன்கேயின் காலத்தில் நிறைவேறியது. 1933 இன் புகழ்பெற்ற சமூகச் சீர்திருத்தத்தின் சிற்பியும் அவரே. வறியோருக்கு உதவியை உரிமையாக்கிய அதே சிந்தனை, 'தகுதியற்றோர்' பெருகுவது பொதுச் செலவைக் கூட்டும் என்றும் கணக்கிட்டது. முற்போக்காளர்கள் கூசாமல் எதிர்கொள்ள வேண்டிய உண்மை இது. வாட்டைப் போன்ற அரக்கனொருவனைக் காட்டும் நாவல், அவ்வுண்மையிலிருந்து வாசகனைத் தப்பவிடுகிறது. ஷோவாலும் வாலோவும் இவ்விடத்தில் இத்துணை இலகுவாக நின்றிருக்கமாட்டார்கள் என்றே கருதுகிறேன்.

தலைப்பு மட்டும் அக்குறையினின்று தப்பியுள்ளது. டேனிஷ் மொழியில் 'ஜர்னல்' என்பது நோயாளியின் கோவையையும் குறிக்கும். ஓர் உயிர் ஓர் இலக்கமாகச் சுருங்குகிறது. ஆங்கிலப் பதிப்புகளோ ஒன்று குற்றவுணர்வையும் மற்றொன்று பழிவாங்கலின் தூய்மையையும் தலைப்பாக்கின. அலுவலகக் கோவை இவ்வாறு தனிமனித உணர்ச்சியாக மாற்றப்பட்டுவிட்டது. 1933 முதல் 1980 வரை அரசின் சிறப்புப் பராமரிப்பில் வைக்கப்பட்டுக் கொடுமைக்குள்ளானோரிடம் டேனிஷ் அரசாங்கம் 2023 இல் மன்னிப்புக் கோரியபோது, அதற்கு ஆதாரமாக நின்றவை அத்தகைய கோவைகளும், எஞ்சியிருந்தோரின் சாட்சியங்களுமே.