கோடிட்ட இடம்

நாவல்களுக்கு மதிப்புரை எழுதுகிறார்கள். கவிதைத் தொகுதிகளுக்கு எழுதுகிறார்கள். சமையல் புத்தகத்துக்குக்கூட ஒருவர் எழுதிப் பார்த்திருக்கிறேன். பள்ளி நுழைவுத் தேர்வுக்கென்று விற்கும் சொற்பயிற்சிப் புத்தகத்துக்கு மட்டும் யாரும் எழுதியதாக ஞாபகம் இல்லை. அதைத் தயாரித்தவர் தம்மை எழுத்தாளர் என்று நினைத்துக்கொள்வதில்லை. வாங்குகிறவர்களும் அப்படி நினைப்பதில்லை. ஆனால் ஒன்று. என் நாவலை வாங்கியவர் நாற்பதாவது பக்கத்தில் மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். இந்தப் புத்தகம் நுழைந்த வீட்டில் ஒரு பத்து வயதுக் குழந்தை ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு முறை, மூன்று முறை, விரலை வைத்துக்கொண்டு படிக்கிறது. அவ்வளவு கவனமான வாசகர் எனக்கு வாய்த்ததில்லை. அந்த வாக்கியங்களின் லட்சணம் என்ன என்று கேட்க ஒரு நாவலாசிரியனுக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன்.

எதிர் வீட்டுப் பையன் சைனிக் பள்ளியில் ஆறாம் வகுப்பு சேருவதற்கான தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, அமராவதி அணைப் பக்கம், அமராவதி நகரில் 1962-ல் தொடங்கிய பள்ளி. 125 கேள்விகள், 300 மதிப்பெண், இரண்டரை மணி நேரம். மொழிப் பகுதிக்கு 25 கேள்விகள், 50 மதிப்பெண். தமிழிலேயே எழுதலாம். வகுத்துப் பார்த்தால் ஒரு கேள்விக்கு 72 விநாடி. பத்து வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடையில்தான் இதை எழுத முடியும் என்பதால், அந்த வீட்டில் இப்போது யாரும் உரக்கப் பேசுவதில்லை.

“அண்ணா, நீங்க எழுதறவங்க. தமிழ்ப் பகுதியை மட்டும் கொஞ்சம் கேட்டுப் பாருங்களேன்” என்று அவன் தாயார் ஒரு பயிற்சிப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். யார் வெளியிட்டது என்பது வேண்டாத விஷயம். கடைத்தெருவில் கிடைக்கும் வேறு நான்கைந்தையும் புரட்டிப் பார்த்தேன். எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

புத்தகத்தின் முன்பாதி முழுவதும் ஒரே பொருள் தரும் சொற்கள். இடது பக்கம் ஒரு சொல், நடுவில் சமக்குறி, வலது பக்கம் ஒரு சொல். முதியவர் = கிழவர். வீடு = இல்லம். கொடு = ஈ. இப்படிப் பக்கம் பக்கமாக. என்னுடைய தகராறு அந்தச் சமக்குறியோடுதான். கணக்கில் அது உண்மை பேசும் குறி. மொழியில் அது பாதிக்கு மேல் பொய் பேசுகிறது.

பஸ்ஸில் ஒருவர், “பெரியவரே, கொஞ்சம் உள்ளே தள்ளி நில்லுங்க” என்கிறார். இன்னொருவர், “யோவ் கிழவா, உள்ளே போ” என்கிறார். நிற்கிற மனிதர் ஒருவர்தான்; வயதும் மாறவில்லை. ஆனால் பேசிய இரண்டு பேரையும் பற்றி நமக்கு ஏறக்குறைய எல்லாம் தெரிந்துவிட்டது. கதை எழுதுகிறவனுக்குப் பிழைப்பு நடப்பதே இந்த வித்தியாசத்தில்தான். ‘இல்லம்’ என்ற சொல்லைப் பாருங்கள். “இல்லத்துக்குப் போய்க் குடை எடுத்து வா” என்று எந்தத் தாயும் பிள்ளையை அனுப்பியதில்லை. கல்யாணப் பத்திரிகையை விட்டால், வீட்டை இழந்தவர்கள் போய்ச் சேரும் இடத்துக்குத்தான் அந்தச் சொல் இன்று அதிகம் பயன்படுகிறது: முதியோர் இல்லம், அநாதை இல்லம். ‘கொடு = ஈ’ என்பதோ தொல்காப்பியரை நேருக்கு நேர் மறுப்பது. ஈ, தா, கொடு மூன்றும் கேட்கும் சொற்களே என்றாலும், தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் கேட்பது ஈ, சமமானவனிடம் கேட்பது தா, உயர்ந்தவன் தாழ்ந்தவனிடம் கேட்பது கொடு என்று அவர் பிரித்து வைத்தார். அந்த ஏற்றத்தாழ்வு நமக்கு வேண்டாம்; யாரிடம் யார் பேசுகிறார் என்று பார்க்காமல் சொல்லுக்குப் பொருள் சொல்ல முடியாது என்ற அந்தக் கவனம் வேண்டும்.

மனப்பாடமே கூடாது என்கிற கட்சியைச் சேர்ந்தவன் அல்ல நான். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் நிகண்டு ஒப்பித்தார்கள். திவாகரம், பிங்கலம், மண்டல புருடரின் சூடாமணி எல்லாம் சொற்பட்டியல்கள்தாம். ஆனால் சூடாமணியின் பதினோராவது தொகுதி முழுவதும் ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைச் சொல்வது. அதையும் எதுகை பார்த்து அடுக்கியிருக்கிறார். ஒரு பொருளுக்குப் பல பெயர் என்று கற்ற பிள்ளை, ஒரு பெயருக்குப் பல பொருள் என்பதையும் அதே மூச்சில் கற்றது. பிறகு அந்தப் பிள்ளை ஏதாவதொரு காவியத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு ஆசிரியர் முன்னால் உட்கார்ந்தது. நிகண்டு வழிக்குக் கட்டிக்கொடுத்த சோறு. போக வேண்டிய ஊர் வேறு. நம் பயிற்சிப் புத்தகத்தில் சோற்று மூட்டை மட்டும் இருக்கிறது. தேர்வு முடிந்த மறுநாள் அது பழைய பேப்பர் கடைக்குப் போகிறது.

தொல்காப்பியத்தின் உரியியல், இன்றைய பாஷையில் சொன்னால், சொல்வளம் கற்பிக்கும் முறை பற்றியது. பழகாத சொல்லைப் பழகிய சொல்லோடு சேர்த்து விளக்கு என்கிறது. முன்னாலும் பின்னாலும் வருவதைப் பார்த்துப் பொருளை முடிவு செய் என்கிறது. இதைக் குழந்தைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை என்பதுதான் ஆச்சரியம். “சொன்னபடி செய்”, “படியில் உட்காராதே”, “ஒரு படி அரிசி”, “அப்பாவுக்குப் பயணப்படி வரலை”, “போய்ப் படி”—இத்தனையும் ஒரே நாளில் ஒரே வீட்டில் ஒலிக்கிறது. எந்தக் குழந்தையும் அரிசியின் மேல் ஏறி மாடிக்குப் போனதில்லை. அந்த வித்தையில் தேர்ந்த பிள்ளையிடம், ‘படி என்பதன் பொருள் யாது?’ என்று சொல்லைத் தனியே பிடுங்கி நீட்டினால் அது திகைக்கத்தான் செய்யும்.

பின்பாதியில் கோடிட்ட இடங்கள் வருகின்றன. சொல்லை வாக்கியத்துக்குள் வைத்துக் கேட்கிறார்கள். நல்லது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். ‘மழை பெய்யாததால் குளம், ஏரி, கிணறு எல்லாம் நீரின்றி ______.’ கொடுத்திருக்கும் விடைகள்: வறண்டன, நிரம்பின, மலர்ந்தன, பறந்தன. ஏரி பறக்காது என்று தெரிந்த குழந்தைக்கு மதிப்பெண் வந்துவிடும். ‘வறண்டன’ என்ற சொல் அதற்குத் தெரியுமா என்பது கடைசி வரையில் தெரிய வராது. மழை இல்லை, நீர் இல்லை என்று இரண்டு தரம் சொன்ன பிறகு வாக்கியத்துக்கு அந்தச் சொல் தேவையே இல்லை. கல்யாணத்துக்கு வந்த கூட்டத்தில் மாப்பிள்ளைக்கு இடம் இல்லாமல் போன மாதிரி.

இதைக்கூடப் பொறுக்கலாம். ‘கண்ணன் ______ பையன்.’ விடைகள்: நல்ல, ஏழை, உயரமான, சுறுசுறுப்பான. கடைசிப் பக்கத்தில் சரியான விடை ‘சுறுசுறுப்பான’ என்று இருக்கிறது. ஏன் என்று கண்ணனைத்தான் கேட்க வேண்டும். பையன் ‘ஏழை’ என்று போட்டிருந்தான். அவன் வகுப்பில் அப்படி ஒரு கண்ணன் இருக்கிறானாம். தவறு என்று சிவப்பு மையில் அவனே திருத்திக்கொண்டான். இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. வாக்கியத்தைப் படித்தால் விடை கிடைக்காது, வாக்கியம் எழுதியவர் மனசில் என்ன இருந்தது என்று ஊகிக்க வேண்டும் என்று ஒரு குழந்தை இப்படித்தான் கற்றுக்கொள்கிறது. அப்படிக் கற்றுக்கொண்ட பிள்ளை பெரியவனாகி எந்தப் புத்தகத்தையும் நம்பிப் பிரிக்காது.

இன்னொன்று: ‘ஆசிரியர் கேள்வி கேட்டதும் முருகன் ______.’ விடைகளை மறைத்துக்கொண்டு, “நீயே ஒன்று சொல்” என்றேன். “முழிச்சான்” என்றான். புத்தகத்தின் விடை ‘தயங்கினான்’. அவன் சொன்னது தப்பா? இல்லை. முழிக்கிறவனுக்கு விடை தெரியாது, தயங்குகிறவனுக்குத் தெரிந்திருக்கலாம். முருகன் இவர்களில் யார் என்று வாக்கியம் சொல்லவில்லை. ஆகவே பென்சிலால் இரண்டு சொல் சேர்த்தேன்: ‘ஆசிரியர் கேள்வி கேட்டதும், விடை தெரிந்தும், முருகன் ______.’ பையன் ஒரு நிமிஷம் பார்த்தான். “அப்ப முழிச்சான்னு வராது. தயங்கினான்தான்” என்றான். உடனே, “தெரிஞ்சும் ஏன் மாமா தயங்கினான்?” என்று கேட்டான். கதை என்பது இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவது. இரண்டே சொல்லில் ஒரு பயிற்சி வாக்கியம் அந்த இடத்துக்கு வந்துவிட்டது. அவனுக்கு ‘தயங்கு’ இனி மறக்காது என்று நினைக்கிறேன்.

இந்தக் கோடிட்ட இடத்துக்கு ஒரு வம்ச சரித்திரம் உண்டு. ஒரு பகுதியில் ஒழுங்கான இடைவெளி விட்டுச் சொற்களை எடுத்துவிட்டு நிரப்பச் சொல்லும் முறைக்கு ‘க்ளோஸ்’ என்று பெயரிட்டு முறைப்படுத்தியவர் அமெரிக்காவில் வில்சன் டெய்லர், ஆண்டு 1953. அவர் குழந்தைகளைப் பரீட்சிப்பதற்காக அதைச் செய்யவில்லை. எழுதப்பட்ட பகுதி படிப்பவருக்கு எவ்வளவு எளிதாகப் புரிகிறது என்று அளப்பதற்காகச் செய்தார். அதாவது பரீட்சை எழுதியவருக்குத்தான், படித்தவருக்கு அல்ல! இன்று இங்கிலாந்தில் பதினொரு வயதுப் பிள்ளைகளின் பள்ளித் தேர்வு வரையில் அந்த முறை பரவிவிட்டது. பரீட்சைக்கு உட்கார்ந்திருப்பது குழந்தை, எழுதியவர் எழுந்து போய்விட்டார். அவரைத் திரும்ப அழைத்து உட்கார வைப்பதே விமர்சகன் வேலை. நம் தொடர்கதைகளுக்கும் அந்த அளவுகோல் பொருந்தும். ‘அவளுடைய முத்துப் போன்ற ______’ என்றால் வாசகர் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பிவிடுவார். எல்லா இடத்தையும் அப்படி நிரப்ப முடிந்தால் ஆசிரியர் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. ஓர் இடத்தைக்கூட நிரப்ப முடியவில்லையென்றால் அவர் தமக்குத் தாமே பேசிக்கொள்கிறார்.

பயிற்சிப் புத்தகக்காரர்களுக்கும் நியாயம் செய்ய வேண்டும். “பேசாமல் நல்ல கதைகளைப் படிக்கச் சொல்லுங்கள், சொல் தானாக வரும்” என்று எங்களைப் போன்றவர்கள் மேடையில் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அது முழு உண்மையல்ல. ஐசபெல் பெக், மார்கரெட் மெக்கியோன் முதலிய ஆராய்ச்சியாளர்கள் 1983-ல் பள்ளி வாசகப் புத்தகக் கதைகளை எடுத்து, சில சொற்களை மறைத்துப் பெரியவர்களிடம் கொடுத்தார்கள். சில வாக்கியங்கள் பொருளைக் கையில் கொடுத்தன. சில ஓரளவு காட்டின. சில ஒன்றும் சொல்லவில்லை. சில தவறான பக்கத்துக்கே இழுத்துக்கொண்டு போயின. கதாசிரியன் சொல்லை விளக்குவதற்காக எழுதுவதில்லை, கதைக்காக எழுதுகிறான். ஒரு சொல்லை ஒரே ஒருமுறை கதையில் பார்த்துக் கற்றுக்கொள்வது சிறிதளவே நடக்கிறது என்று 1985-ல் வெளிவந்த வேறோர் ஆராய்ச்சியும் காட்டியது. அந்தச் சிறிதளவு, படிக்கப் படிக்கச் சேருகிறது. தேர்வுக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது என்றால் சேரும் வரை காத்திருக்க நேரம் இல்லை. எனவே செய்து வைத்த வாக்கியங்கள் வேண்டியிருக்கின்றன. அவை ஒரு மனிதன் என்றாவது வாய் திறந்து சொல்லியிருக்கக்கூடிய வாக்கியங்களாக இருக்கட்டும் என்பதுதான் நான் கேட்பது. ஒரு சொல்லுக்கு ஒன்று போதாது, நான்கைந்து வேண்டும். அவற்றில் ஒன்றாவது அந்தச் சொல் வரக் கூடாத இடமாக இருக்க வேண்டும். அச்சுக்குக் கொடுக்கும் முன் விடைகளை மறைத்து வீட்டில் உள்ள நான்கு பெரியவர்களை நிரப்பச் சொல்லிப் பார்த்தால், கண்ணன் சுறுசுறுப்பானவனா, ஏழையா என்ற வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும். இதற்குச் செலவு ஒரு வேளைக் காப்பி.

“மொழிக்கு ஐம்பது மார்க்தானே, கணக்குக்கு நூற்றைம்பது. அதைப் பார்த்தால் போதும்” என்பது பையனுடைய தகப்பனார் வாதம். மதிப்பெண் கணக்கு சரிதான். ஆனால் அந்த 150-ல் பல, வாக்கியமாக எழுதிய கணக்குகள். போன ஞாயிற்றுக்கிழமை ஒன்று போட்டுக்கொண்டிருந்தான்: பன்னிரண்டு பேருக்குத் தலா மூன்று மாம்பழம் கொடுத்தபின் எஞ்சியவை ஐந்து, மொத்தம் எத்தனை? பன்னிரண்டையும் மூன்றையும் ஐந்தையும் கூட்டி இருபது என்று எழுதியிருந்தான். பெருக்கல் அவனுக்கு நன்றாக வரும். ‘தலா’ என்ற சொல்தான் வரவில்லை.