ஐந்து கிலோ குறைத்தால் டிரக் பறக்குமா?

உதிரிபாகக் கேட்லாக்கில் ஃபிளைவீல் பக்கத்தைப் புரட்டினால் பெரிய எழுத்தில் இருப்பது எடைதான். 11 கிலோ, 8 கிலோ, 6 கிலோ என்று எடை இறங்க இறங்க விலை ஏறும். எடை குறைந்தால் பிக்கப் கூடும் என்பது பாதி உண்மை. எந்த இடத்திலிருந்து எடை குறைந்தது, வண்டி எந்த கியரில் ஓடுகிறது, சிக்னலில் எத்தனை தடவை நின்று கிளம்புகிறது என்பதெல்லாம் மீதிப் பாதி. தெருவில் ஓட்டுகிற டிரக்குக்கு அந்த மீதிதான் பெரிது.

நான் ஓட்டிப் பார்த்தது டெக்சாஸில் நண்பர் ஒருவர் கட்டியிருக்கும் 1972 செவர்லே சி10. கூடு மட்டும்தான் பழசு. பானட்டுக்குக் கீழே, அடிபட்ட சில்வராடோ ஒன்றிலிருந்து இறக்கிய 5.3 லிட்டர் வி8. 1997 கார்வெட்டில் அறிமுகமாகி, இன்றைக்கு அமெரிக்காவில் எந்தப் பழைய வண்டியைத் திறந்தாலும் தென்படுகிற எல்எஸ் குடும்பத்து எஞ்சின். கியர்பாக்ஸ், 1998–2002 கமாரோவில் வந்த ஆறு கியர் டி56. பின் ஆக்சில் 3.73. இதே வண்டியை முதலில் 11 கிலோ இரும்பு ஃபிளைவீலோடும், பிறகு 6 கிலோ அலுமினியத்தோடும், கடைசியாக 8 கிலோ ஸ்டீலோடும் ஓட்டினேன். கிளட்ச் செட் மூன்றுக்கும் ஒன்றுதான்.

கொஞ்சம் கணக்கு. சுற்றுகிற பொருளில் எடையைவிட, அந்த எடை மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே அதிகம் பேசும். தூரம் இரட்டித்தால் விளைவு நான்கு மடங்கு. போல்ட் வட்டத்தின் பக்கத்தில் துளை போட்டு ஒரு கிலோ குறைத்த சக்கரம் தராசில் இலகுவாகத் தெரியும், ஓட்டத்தில் தெரியாது. விளிம்பைச் சீவி ஒரு கிலோ குறைத்தால் ஆக்சிலேட்டரைத் தொட்டதுமே தெரியும். கேட்லாக்கில் எடை மட்டும் போட்டு, விட்டம் நெடுகப் பொருள் எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டாத சக்கரத்தை நான் வாங்க மாட்டேன்.

அடுத்தது கியர். நாம் குறைத்த 5 கிலோ, சராசரியாக மையத்திலிருந்து 11 சென்டிமீட்டரில் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். டி56-இன் முதல் கியர் 2.66, ஆக்சில் 3.73, பெருக்கினால் ஏறக்குறைய 10. டயர் 28 அங்குலம். கணக்குப் போட்டால், முதல் கியரில் அது வண்டியிலிருந்து ஒரு சிமெண்ட் மூட்டையை இறக்கி வைத்ததற்குச் சமம், சுமார் 47 கிலோ. அதே சக்கரம் நான்காவது கியரில் 7 கிலோகூடத் தேறாது. வண்டியின் மொத்த எடை 1,700 கிலோவை ஒட்டி. ஆக முதல் கியரிலேயே லாபம் மூன்று சதவீதத்துக்குள்தான். நெடுஞ்சாலையில் ஓவர்டேக் செய்யும்போது ஒன்றுமே இல்லை. குதிரைத்திறன் கூடும் என்று விற்பவர்களின் பேச்சுக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. எஞ்சின் வேகம் பிடிக்கும்போது அளக்கிற டைனோவில் எண் கொஞ்சம் ஏறும். ஒரே வேகத்தில் நிறுத்திவைத்து அளந்தால் பழைய எண்ணேதான் வரும்.

அப்படியானால் எதற்குக் காசு? கியர் மாற்றும் அந்த ஒரு கணத்துக்குத்தான். இரும்புச் சக்கரத்தோடு இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது, கிளட்சை மிதித்த பிறகும் எஞ்சின் ஆர்பிஎம் இறங்க யோசிக்கும். அவசரமாகக் கிளட்சை விட்டால் வண்டி முன்னால் ஒரு தள்ளு தள்ளும். அலுமினியத்தில் ஆர்பிஎம் சட்டென்று விழுகிறது; லீவர் மூன்றில் உட்காருவதற்கும் எஞ்சின் அந்த வேகத்துக்கு வருவதற்கும் சரியாக இருக்கிறது. கியரைக் குறைக்கும்போது இன்னும் சுகம். குதிகாலால் ஒரு சின்ன ரேஸ் கொடுத்தால் போதும், முள் துள்ளி ஏறுகிறது. அரை நூற்றாண்டு பழைய டிரக்கில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதே மறந்துபோகிறது.

காலியான சாலையில் இப்படி. மாலை நேர நெரிசலில் அதே அலுமினியம் வேறு முகத்தைக் காட்டியது. நின்ற வண்டியைக் கிளப்பும்போது, சக்கரத்தில் சேர்த்து வைத்த சுழற்சிதான் முதல் தள்ளலைத் தருகிறது. 1,500 ஆர்பிஎம்மில், இலகுச் சக்கரத்தில் குறைந்துபோன அந்தச் சேமிப்பு, இந்த டிரக்கை மெல்ல நடக்கிற வேகத்துக்குக் கொண்டுவரத் தேவையான சக்தி அளவுக்கு வரும். அது இல்லாததால் கால் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது: கூடுதல் ரேஸ், கூடுதல் ஹாஃப் கிளட்ச். பழக்கமில்லாதவர் கையில் கொடுத்தால் சிக்னலில் வண்டி ஆஃப் ஆகும். ஏற்றத்தில், பின்னால் ஒரு கார் ஒட்டி நிற்கும்போது, எரிந்த கிளட்ச் வாடை கேபினுக்குள் வந்துவிடுகிறது. ஏசியைப் போட்டுக்கொண்டு சிக்னலை நெருங்கிக் கிளட்சை மிதித்தால் ஆர்பிஎம் பள்ளத்தில் விழுந்து எழுந்திருக்கிறது. கம்ப்யூட்டரில் ஸ்லோ ஸ்பீடைக் கொஞ்சம் ஏற்றிய பிறகுதான் அது அடங்கியது. பெரிய கேம்ஷாஃப்ட் போட்டு, நின்ற இடத்திலேயே குலுங்கிக்கொண்டிருக்கும் எஞ்சினாக இருந்தால் இந்தத் தொல்லை இரட்டிப்பு. நியூட்ரலில் கிளட்சை விட்டு நின்றால் கியர்பாக்ஸிலிருந்து ஒரு கடகடப்பும் வந்தது. எஞ்சினின் ஒவ்வொரு வெடிப்பையும் மழுங்கடிக்க முன்பு இருந்த கனம் இப்போது இல்லை. கியர் பற்கள் ஒன்றோடொன்று தட்டிக்கொள்கின்றன. கெடுதல் எதுவுமில்லை, ஆனால் காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

மேஜைமேல் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பொருள் வித்தியாசம் தெரியும். கழற்றிய இரும்புச் சக்கரத்தின் முகத்தில் சூடேறிய நீலத் தழும்புகள் அங்கங்கே. லேத்தில் முகத்தைச் சீவி மறுபடி போடலாம். அலுமினியத்தில் கிளட்ச் பிளேட் நேராக உரச முடியாது, தின்றுவிடும். அதனால் ஒரு ஸ்டீல் வளையத்தைப் பதித்திருக்கிறார்கள். தேய்ந்தால் வளையத்தை மட்டும் மாற்றலாம் என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் வளையம் மெலிசு. ஹாஃப் கிளட்சில் பிறக்கும் சூட்டை விழுங்க அதற்குக் கனம் போதாது. 8 கிலோ ஸ்டீல், ஒரே கட்டியிலிருந்து கடைந்தது. சூட்டையும் தாங்கும், சீவவும் இடம் கொடுக்கும்.

எதை வாங்கினாலும் எஸ்எஃப்ஐ 1.1 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அதிக ஆர்பிஎம்மில் வார்ப்பு இரும்பு சிதறினால் துண்டுகள் பெல் ஹவுசிங்கைக் கிழித்துக்கொண்டு வரும். அதற்கு அந்தப் பக்கம் இருப்பது டிரைவரின் பாதம். முத்திரை இல்லாத மலிவுச் சரக்கில் மிச்சம் பிடிக்கிற இடம் இதுவல்ல.

இந்த வண்டியில் நான் கை காட்டியது 8 கிலோ ஸ்டீலைத்தான். நண்பரும் அதையே வண்டியில் வைத்துக்கொண்டார். அலுமினியம் தந்த துள்ளலில் முக்கால்வாசி இதிலும் கிடைக்கிறது, நெரிசலில் கால் கெஞ்சுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கிற, ஆக்சில் 4.10 போட்ட காட்சி வண்டி என்றால் அலுமினியம் தாராளமாகப் போடலாம். டிரெய்லர் இழுக்கிறவர்களும், இன்னும் பழைய 3.08 ஆக்சிலிலேயே ஓடுகிறவர்களும் கம்பெனி எடையைத் தொட வேண்டாம். அந்தக் காசுக்கு ஆக்சில் பல்லை மாற்றினால் பிக்கப் வித்தியாசம் முதுகில் உறைக்கும்.

மாட்டும்போது சில விஷயங்கள். எல்எஸ் எஞ்சின் உள்ளேயே பேலன்ஸ் செய்யப்பட்டது. சக்கரமும் தனியாகச் சுழன்றாலும் ஆடாத வகையாக இருக்க வேண்டும். பழைய ஃபோர்டு 5.0 போல எஞ்சினின் எடைக் கோணலைச் சமன்செய்யும் சக்கரத்தை இதில் போட்டால் எஞ்சின் கடுமையாக அதிரும். ஆறு போல்ட்டும் புதிதாக, எதிரெதிர் வரிசையில் மூன்று சுற்றாக: 20, 50, 100 நியூட்டன் மீட்டர். ரிங் கியரில் 168 பல் இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம். 1999, 2000 ஆண்டுகளில் வந்த இரும்பு ஹெட் 6.0 லிட்டர் டிரக் எஞ்சின் உங்களுக்குக் கிடைத்திருந்தால், அதன் கிராங்க் பின்முனை மற்றவற்றைவிட 10 மில்லிமீட்டர் நீளம். ஆர்டர் போடுவதற்கு முன்னால் ஸ்கேலை வைத்து அளந்துவிடுங்கள்.